யாருடைய வீட்டை விட்டுப் போனார் டால்ஸ்டாய்?

ரஷ்ய நாவலாசிரியர் டால்ஸ்டாயின் கலியாண வாழ்க்கை உடைந்த கதையை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் 1910 அக்டோபர் 28 விடியற்புறத்தில்தான் போய் இறங்குகிறார்கள். பழைய ரஷ்ய நாட்காட்டித் திகதி அது. இருட்டு, குளிர், குதிரை லாயத்துக்குப் போகிற வழியில் தொப்பியைத் தொலைத்துவிட்டுத் தடுமாறுகிற 82 வயதுக் கிழவர், மூட்டை கட்டிக் கொடுக்கிற கடைசி மகள், கூடப் போகிற வைத்தியர், ஒன்றும் தெரியாமல் அறைக்குள் தூங்குகிற மனைவி. பத்து நாளில் அஸ்தாபவோ என்ற சின்ன ரயில் நிலையத்தில், ஸ்டேசன் மாஸ்டரின் வீட்டில், அவர் இறந்துபோகிறார். பத்திரிகைக்காரர் எல்லாம் அங்கே, படம் பிடிக்கிறவர்களும் அங்கே. மனைவி சோஃபியா யன்னலில் முகத்தை வைத்து உள்ளே பார்க்கிறார். உள்ளே விடவில்லை. கணவருக்கு நினைவு தப்பிய பிறகுதான் விட்டார்கள்.

கதை எழுதுகிற எவருக்கும் இதைவிடப் பெரிய காட்சி கிடைக்காது, அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் அந்த இரவில் தொடங்கினால் தீர்ப்பு முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டு விடுகிறது. கிழவர் உண்மையைத் தேடிப் போகிற முனிவர், கிழவி அவரைத் துரத்திய பேய். அல்லது அப்படியே திருப்பிப் போட்டு, கிழவர் கொடியவர், கிழவி தியாகி. இரண்டும் எனக்கு வேண்டாம். நான் எழுதிக்கொண்டிருக்கிற குறுநாவல் 1862 இல் தொடங்கி 1919 இல் முடிகிறது, ரயில் நிலையம் அதில் ஒரு அத்தியாயம் மட்டும்.

கிழக்கிலங்கைக் காரைதீவில் இருந்துகொண்டு ரஷ்யக் குடும்பச் சண்டையில் உனக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்கிறேன். நான் கல்முனையில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் உறுதி ரைப் பண்ணுகிற வேலை பார்த்தவள். சீதன உறுதி, நன்கொடை உறுதி, மரண சாசனம், ஒருவர் சார்பில் இன்னொருவர் காரியம் பார்க்க அதிகாரம் கொடுக்கிற அற்றோணித் தத்துவம் என்று வருடக்கணக்காக மற்றவர்களுடைய குடும்பங்கள் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. அண்ணன் தம்பி ஏன் பேசுவதில்லை, புருசனும் பெண்சாதியும் ஏன் ஒரே வளவுக்குள் இரண்டு அடுப்பு வைத்திருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எந்தத் திகதியில் எந்தக் காணி யார் பெயருக்கு மாறியது என்று பார்த்தால் பாதி விசயம் பிடிபட்டுவிடும். டால்ஸ்டாய் குடும்பத்துக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வாசித்தபோதும் என் கண் அந்த மாதிரித் திகதிகளில்தான் போய் நின்றது. சோவியத் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் போட்ட டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலும் கையுமாகத் திரிந்த காலத்தில் அந்தப் பெரிய தாடிக்காரருக்குள் இப்படி ஒரு காணிக் கதை இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை.

சரி, முதலில் இருந்து வருவோம்.

சோஃபியா பேர்ஸ் கிரெம்ளினில் அரண்மனை வைத்தியராக இருந்தவரின் மகள். கலியாணத்தின்போது அவருக்கு 18 வயது, டால்ஸ்டாய்க்கு 34. பேசி முடித்து ஒரு கிழமையில் கலியாணம். அந்த ஒரு கிழமைக்குள் மாப்பிள்ளை தன் பழைய நாட்குறிப்புகளைக் கொண்டுவந்து அந்தப் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுத்தார். சூதாட்டம், போன இடமெல்லாம் இருந்த பெண்கள், தன் பண்ணையிலேயே ஒரு குடியானவப் பெண்ணோடு இருந்த நீண்ட உறவு, எல்லாம் அதில் இருந்தன. கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் ஒளிவுமறைவு கூடாது என்பது அவருடைய நியாயம். அந்தக் குடியானவப் பெண்ணும் அவளுக்குப் பிறந்த டால்ஸ்டாயின் மகனும் யாஸ்னயா பொல்யானா என்ற அந்தப் பண்ணையில்தான் இருந்தார்கள். சோஃபியா மணப்பெண்ணாக வந்து இறங்கியதும் அதே வளவில்தான்.

டால்ஸ்டாயின் ‘அன்னா கரேனினா’ நாவலில் மாப்பிள்ளை லெவின் மணப்பெண் கிட்டியிடம் நாட்குறிப்பைக் கொடுக்கிற இடம் ஞாபகம் இருக்கும். உடுத்தச் சட்டை இல்லாமல் லெவின் கோயிலுக்குப் பிந்திப் போவதும் ஞாபகம் இருக்கும். இரண்டும் சொந்த அனுபவம். ஆகவே இந்தக் கலியாணத்தை முதன்முதலில் புனைகதையாக்கியவர் டால்ஸ்டாயேதான், எங்களைப் போன்றவர்கள் எல்லாம் பிறகு வந்தவர்கள்.

என் கதையின் நடுமுள் என்று நான் நினைப்பது பிரதி எடுத்த வேலையை. டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவல் 1863 இல் தொடங்கி 1869 வரை எழுதப்பட்டது. அதே ஆண்டுகளுக்குள் சோஃபியாவுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். பகல் முழுக்க வீடு, பால், காய்ச்சல், வேலைக்காரர், கணக்கு. பிள்ளைகள் தூங்கிய பிறகு விளக்கடியில் உட்கார்ந்து, கணவரின் விளங்காத கையெழுத்தை, வரிக்கு மேலும் ஓரத்திலும் தாளின் பின்புறத்திலும் செருகிவிட்ட சொற்களை எல்லாம் கண்டுபிடித்து வடிவாக எழுதி வைப்பார். காலையில் டால்ஸ்டாய் அந்தச் சுத்தப் பிரதியை எடுத்து மறுபடி வெட்டித் திருத்தி நாசமாக்குவார். இரவில் மறுபடி பிரதி. இப்படியே மறுபடி மறுபடி.

இந்த வேலையை அடிமை வேலை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சோஃபியாவே அதைச் சந்தோசமாகச் செய்ததாக எழுதி வைத்திருக்கிறார். உறுதி ரைப் பண்ணுகிற எனக்கே இது கொஞ்சம் தெரியும்: ஒருவர் எழுதியதை நீங்கள் திரும்ப எழுதும்போது அவர் எங்கே தயங்கினார், எங்கே அவசரப்பட்டார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். சாதாரண விற்பனை உறுதியிலேயே அப்படியென்றால், அந்த நாவலின் நத்தாஷாவும் பியேரும் உருவாகிக்கொண்டிருந்த தாள்களில் எப்படி இருந்திருக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத நேரத்தில், நத்தாஷா இன்னும் என்ன ஆவாள் என்று முடிவாகாத நேரத்தில், அந்தப் பெண் அவளை அறிந்திருந்தார். அந்த நெருக்கம் கட்டிலில் கிடைத்த நெருக்கத்தைவிடப் பெரியது என்று எனக்குப் படுகிறது. பின்னால், மகள்மார் வளர்ந்து தகப்பனின் பிரதிகளை எழுதத் தொடங்கியபோது, செயலாளர்களும் சீடர்களும் வந்து தாள்களை அள்ளிக்கொண்டு போனபோது, சோஃபியாவிடம் இருந்து பறிபோனது அந்த இடம். கலியாணம் உடைந்த இடம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இனி உறுதிகளுக்கு வருகிறேன். 1880 ஐ ஒட்டி டால்ஸ்டாய்க்குள் பெரிய மனமாற்றம், தேவாலயத்தின் மதம் வேண்டாம், சொத்து பாவம். 1883 இல் சொத்தை நிர்வகிக்க மனைவிக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டார். பாவம் என்று தான் நினைத்ததை மனைவி கையில் கொடுத்தார் என்பதை நான் மெதுவாகத்தான் வாசித்தேன். அந்தப் பத்தாண்டின் நடுவில் சோஃபியா தானே பதிப்பாளர் ஆகிறார். தஸ்தாயெவ்ஸ்கியின் மனைவி அன்னா தன் கணவரின் நூல்களைத் தானே பதிப்பித்து விற்றவர். சோஃபியா அவரிடம் போய்க் கேட்டுப் படித்துக்கொண்டு டால்ஸ்டாயின் தொகுதிகளை அச்சிட்டு விற்றார். வீடு நடந்தது அந்தக் காசிலும்தான். 1891 இல் டால்ஸ்டாய், 1881 க்குப் பிறகு எழுதிய எல்லாவற்றின் பதிப்புரிமையையும் கைவிடுவதாகப் பத்திரிகைக்கு எழுதினார். 1892 இல் சொத்தை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். யாஸ்னயா பொல்யானா சோஃபியாவுக்கும் கடைசி மகன் வானிச்காவுக்கும் வந்தது. அந்தப் பிள்ளை 1895 இல் ஏழு வயது நிறைய முதலே செங்காய்ச்சலில் போய்விட்டான். பதின்மூன்று பிள்ளை பெற்ற தாய் அவர், அதில் ஐந்தைச் சிறு வயதிலேயே புதைத்தவர். வானிச்காவின் சாவுக்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை.

இந்த இடம் வரை எழுதியதை என் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு டால்ஸ்டாயைத் தெரியாது. ஆனால் வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்தால் குளிர்த்திச் சடங்கு முடியும் வரை கண்ணகி வழக்குரைப் பாடலை உட்கார்ந்து கேட்கிறவர், கதை கேட்கத் தெரிந்தவர்.

“வீடு ஆருக்கு புள்ள?” இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

“அவர்ர தாய்வழியில வந்த வீடு பெரியம்மா. மறுகா பொஞ்சாதிக்கும் கடைசி மகனுக்கும் எழுதிட்டாங்க.”

“அப்ப பொஞ்சாதி வீட்டுல இருந்துதான் மனிசன் போயிருக்கார்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்க போனார், தங்கச்சிட்டயா?”

எனக்குப் பேச்சே வரவில்லை. ஏனென்றால் டால்ஸ்டாய் உண்மையிலேயே தங்கையிடம்தான் போனார். ஷமோர்தினோ என்ற இடத்துக் கன்னியர் மடத்தில் துறவியாக இருந்த மரியாவிடம். அதற்குப் பிறகுதான் தெற்கே ரயில் ஏறி, வழியில் காய்ச்சல் கண்டு, அஸ்தாபவோவில் இறக்கினார்கள். முனிவர் புறப்பட்டுப் போனார் என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எத்தனையோ பக்கங்கள் வாசித்திருக்கிறேன், போன மனிதர் தங்கையைத் தேடினார் என்பதற்குப் பெரியம்மா கொடுத்த கனத்தை வேறு யாரும் கொடுக்கவில்லை.

வேறு ஊர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கலியாணம் பேச முதல் வீடு கட்டத் தொடங்க வேண்டும். கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வருகிறார். தாய் தகப்பன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளோடு அதே வளவிலோ பக்கத்திலோ இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி என்கிற குலப் பிரிவு தாய்வழியில் வருவது. குடும்பத்தில் சண்டை முற்றினால் உடுப்புப் பையைத் தூக்குவது ஆண்தான், போவது தாய் வீட்டுக்கு, தாய் இல்லையென்றால் அக்கா, தங்கச்சி வீட்டுக்கு. இதனால் எங்கள் பெண்கள் பாடு சுகம் என்று சொல்ல வரவில்லை. தங்கச்சிக்கு வீடு கட்ட மத்திய கிழக்குக்குப் போய் உழைத்து ஓடாய்த் தேய்ந்த அக்காமார் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், வீடு தன் பெயரில் இருந்தும் அடி வாங்குகிற பெண்களுக்கு நானே உறுதி ரைப் பண்ணியிருக்கிறேன். நான் சொல்வது வேறு. இங்கே ஒருவர் வீட்டை விட்டுப் போனார் என்றால் யாருடைய வீட்டை விட்டு என்ற கேள்வி தானாக வரும். அந்தக் கேள்வியோடு டால்ஸ்டாயை வாசித்தால் துறவு என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கிற மனிதன் கண்ணுக்குத் தெரிகிறார்: எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டில் சாப்பிட்டு, அதே வீட்டில் தூங்கி, அந்த வீடு நடக்கிற விதத்தைப் பார்த்துப் பார்த்து வெட்கப்பட்டு, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் கால் நூற்றாண்டு இருந்த மனிதர்.

கால் நூற்றாண்டு என்பது சும்மா சொன்ன பேச்சில்லை. 1884 ஆனி மாதத்தில் ஒரு நாள், குதிரைகளைப் பற்றித் தொடங்கிய சண்டை முற்றி, டால்ஸ்டாய் பையை முதுகில் போட்டுக்கொண்டு தூலாவுக்குப் போகிற வீதியில் நடக்கத் தொடங்கினார். சோஃபியா நிறைமாதம். பாதி வழியில் அந்த நினைப்பு வந்து திரும்பிவிட்டார். விடிந்தபோது ஒரு பெண் குழந்தை பிறந்தது. என் குறுநாவலில் இந்த இரவு இப்படி வருகிறது (பேச்சும் நினைவுகளும் என் கற்பனை, நடந்தது மட்டும் நடந்தது):

தோட்டத்து வாங்கு பனியில் நனைந்திருந்தது. அவள் எழும்பவில்லை. வீட்டுக்குள் இருந்து மருத்துவச்சி இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் தடவை ஒரு சால்வையைக் கொண்டுவந்து தோளில் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றாள்.

“எவ்வளவு தூரம் போயிருப்பார்?” என்று சோஃபியா கேட்டாள்.

“உள்ளே வாருங்கள் அம்மா. வலி நெருங்கிவிட்டது.”

“அவர் வேகமாக நடப்பார். பையில் என்ன எடுத்தார் என்று பார்த்தாயா?”

மருத்துவச்சிக்குத் தெரியாது. சோஃபியாவுக்குத் தெரியும். இரண்டு சட்டை, பென்சில்கள், ஒரு கொப்பி. காலுறை எடுத்திருக்க மாட்டார், எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இருபத்திரண்டு வருடமாகக் காலுறை எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர் உலகத்தை விட்டுப் போகிறார். வலி ஒன்று எழும்பி இடுப்பைச் சுற்றிப் பிடித்தது. வாங்கின் விளிம்பை இறுக்கிக்கொண்டு அது போகும் வரை எண்ணினாள். வீட்டில் கணக்குப் புத்தகம் திறந்தபடி கிடக்கிறது, மூன்றாம் நிரலைக் கூட்டி முடிக்கவில்லை. அவர் வராவிட்டால் அதை நாளைக்கு யார் கூட்டுவது என்ற நினைப்பு வந்ததும் அவளுக்கு அழுகை வந்தது, அதுவரை வரவில்லை.

படலைப் பக்கம் காலடி கேட்டது. மருத்துவச்சி திரும்பிப் பார்த்தாள். சோஃபியா பார்க்கவில்லை.

இவ்வளவுதான் அந்த இடம். திரும்பி வந்தவர் என்ன சொன்னார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை.

அந்தக் காலையில் பிறந்த பிள்ளைதான் அலெக்சாந்த்ரா, சாஷா. 1910 இல் தகப்பனின் மூட்டையைக் கட்டிக் கொடுத்த அதே கடைசி மகள். தகப்பன் வீட்டை விட்டுப் போக வெளிக்கிட்ட முதல் இரவில் பிறந்து, உண்மையிலேயே போன இரவில் விளக்குப் பிடித்தவர். ஒரு நாவலாசிரியர் இதைச் சொந்தமாகக் கற்பித்திருந்தால் மிகைப்படுத்தல் என்று நானே அடித்துவிட்டிருப்பேன். இரண்டுக்கும் நடுவில் 1897 இல் இன்னொரு தடவை போகத் தீர்மானித்து, மனைவிக்குக் கடிதம் எழுதி, கொடுக்காமல் ஒரு நாற்காலியின் மெத்தைத் துணிக்குள் ஒளித்து வைத்தார். அவர் இறந்த பிறகுதான் அது சோஃபியாவின் கைக்கு வந்தது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஒரு பக்கம் சேரச் சொல்லித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் கொம்புமுறி விளையாட்டு நடந்த காலத்தை மூத்தவர்கள் சொல்வார்கள். பூப் பறிக்கப் போன இடத்தில் கோவலனின் தடியும் கண்ணகியின் தடியும் கொளுவிக்கொண்டதன் ஞாபகமாக, ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து கொம்பைக் கொளுவி இழுக்கிற விளையாட்டு. நீங்கள் எந்தப் பக்கம் என்பது பிறப்பிலேயே முடிவானது. யாஸ்னயா பொல்யானாவில் 1910 கோடையில் நடந்ததும் அதுதான். ஒரு பக்கம் செர்த்கோவ், டால்ஸ்டாயின் முதன்மைச் சீடர், 1883 இல் இருந்து கூட இருப்பவர். அவரோடு சாஷாவும் செயலாளர்களும். மறுபக்கம் சோஃபியாவும் மகன்மார் சிலரும். கொம்பு இருந்த இடத்தில் நாட்குறிப்புகளும் பதிப்புரிமையும். இழுத்த இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே இழுத்தது. கணவர் நாட்குறிப்பு எழுதுகிறார், மனைவி எழுதுகிறார், மகள் எழுதுகிறாள், வைத்தியர் எழுதுகிறார், செயலாளர் எழுதுகிறார். டால்ஸ்டாய் தனக்கு மட்டும் என்று ஒரு இரகசியக் குறிப்பு எழுதிச் சப்பாத்துக்குள் ஒளித்தார், அதையும் சோஃபியா கண்டுபிடித்தார்.

ஜூலை 22 ஆம் திகதி காட்டுக்குள், வெட்டிய மரக் குற்றியில் உட்கார்ந்து, மனைவிக்குத் தெரியாமல் டால்ஸ்டாய் மரண சாசனத்தில் கையெழுத்து வைத்தார். எழுதியவை எல்லாம் சட்டப்படி சாஷாவுக்கு, என்ன செய்வது என்று தீர்மானிப்பது செர்த்கோவ். மூன்று சாட்சிகள். இலங்கையில் என்றால் மரண சாசனத்துக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சி. தொழில் புத்தி, முதலில் அதைத்தான் எண்ணினேன். பிறகுதான் அந்த இடத்தின் துயரம் எனக்குள் இறங்கியது. நாற்பத்தெட்டு வருடம் ஒன்றாக இருந்த மனிதர், மனைவிக்குத் தெரியாமல் கையெழுத்து வைக்கக் குதிரையில் காட்டுக்குள் போகிறார். ஒளிவுமறைவு கூடாது என்று நாட்குறிப்பைக் கொடுத்த அதே மனிதர். 1908 இல் ஒரு இந்தியருக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறளைக் குறிப்பிட்டதை நாங்கள் எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம், இன்னா செய்தாரை நன்னயத்தால் வெட்கப்பட வைக்கச் சொல்கிற குறள். அதை எழுதி இரண்டு வருடத்துக்குள் அந்த வீட்டில் யாராலும் யாருக்கும் நன்னயம் செய்ய முடியாத நிலை வந்துவிட்டது.

சோஃபியாவையும் நான் கழுவித் துடைத்துக் காட்டப் போவதில்லை. அந்தக் கோடையில் அவர் பயங்கரமாக நடந்துகொண்டார். கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டார், இரவில் தாள்களைக் கிண்டினார், சாகப்போகிறேன் என்று மிரட்டினார், செர்த்கோவின் படத்தை விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்டார். மொஸ்கோவில் இருந்து மனநோய் வைத்தியரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு 66 வயது. வாழ்நாள் முழுக்கத் தன் கைபட்ட தாள்கள் இனித் தன்னுடையவை இல்லை என்று அவருக்கு ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, ஆனால் வீடு முழுக்க அது தெரிந்திருந்தது. தான் சந்தேகப்படுவது சரி என்று தெரிந்திருக்க, சுற்றி நிற்கிற எல்லாரும் உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொன்னால் ஒரு மனிசி என்ன ஆவாள்? நாவல் என்ற வடிவம் இருப்பது இந்தக் கேள்விக்காக என்று நான் நம்புகிறேன். நாட்குறிப்பில் கோபம் இருக்கும், பயம் எழுத்தில் முழுதாக வராது. அந்தப் பயத்தை எழுதக் கற்பனை வேண்டும்.

அதற்கு எனக்கு வழி காட்டியவரே சோஃபியாதான். டால்ஸ்டாய் ‘கிராய்ட்சர் சொனாட்டா’ எழுதினார், பொறாமையில் மனைவியைக் குத்திக் கொன்றவனின் கதை. கலியாணம், உடலுறவு, பெண் எல்லாவற்றையும் அந்தக் கணவன் திட்டித் தீர்க்கிறான். ஊரெல்லாம் அது டால்ஸ்டாய் வீட்டுக் கதை என்று பேசியது. தணிக்கை தடைபோட்டது. 1891 இல் சோஃபியா தலைநகருக்குப் போய் ஜார் மூன்றாம் அலெக்சாந்தரை நேரில் பார்த்து, தான் பதிப்பிக்கிற தொகுதியில் அதைச் சேர்க்க அனுமதி வாங்கி வந்தார். தன்னை அவமானப்படுத்தியதாக எல்லாரும் சொல்கிற கதையை அச்சில் கொண்டுவர மன்னன் முன் போய் நின்றார்! பதிப்பாளரின் நலனா, இந்தக் கதை என்னைப் பற்றியது இல்லை என்று ஊருக்குக் காட்டும் வைராக்கியமா, கணவரின் எழுத்தின் மேல் விடாத காதலா? மூன்றும் சேர்ந்ததுதான் என்று வைத்து எழுதுகிறேன். பிறகு அவர் மேசையில் உட்கார்ந்து, அதே மாதிரி ஒரு கலியாணத்தை மனைவியின் பக்கம் இருந்து சொல்லும் கதையை எழுதினார். பிழை யாருடையது என்று கேட்கிற கதை. அவர் காலத்தில் அது அச்சாகவில்லை. ரஷ்யாவில் வெளிவந்தது 1994 இல்.

ஆக, இந்தக் கலியாணத்தைப் பற்றிய புனைவுக்குப் புருசனும் பெண்சாதியும் இருவருமே ஆசிரியர்கள். அதனால் எனக்கு நானே சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன். அவர்கள் எழுதாத நாட்குறிப்பு வரியை எழுதியதாகக் காட்ட மாட்டேன். திகதியை மாற்ற மாட்டேன். யாருக்கும் கெட்ட எண்ணம் ஒன்றைப் புதிதாகக் கொடுக்க மாட்டேன், செர்த்கோவுக்கும்தான், அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தாலும். கதவு சாத்திய அறைக்குள் போவேன், அதற்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன், ஆனால் கட்டில் அறைக்குள் போவதைவிட அடுப்படிக்கும் எழுதுமேசைக்கும் போவேன். இந்த வகை நாவல்களில் எனக்கு அலுப்புத் தருவது கட்டில்தான். பெரிய எழுத்தாளரின் கலியாணம் என்றதும் யார் யாரோடு படுத்தார் என்பதில் போய் விழுகிறார்கள். பால்காரனுக்குக் காசு கொடுத்தது யார் என்று எழுத மாட்டேன் என்கிறார்கள்.

பெரியம்மா அண்மையில் மறுபடி கேட்டார், “மனிசன் செத்த பொறகு அந்த மனிசிர வழக்கு என்னாச்சு?” நான் வழக்கு என்ற சொல்லைச் சொல்லியிருக்கவேயில்லை. ஆனால் வழக்கு உண்மையில் இருந்தது. சோஃபியா வருடக்கணக்காகப் பெட்டி பெட்டியாகக் கையெழுத்துப் பிரதிகளை மொஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக வைத்திருந்தார். டால்ஸ்டாய் இறந்த பிறகு அவை யாருடையவை என்று தாயும் மகளும் எதிரெதிரே நின்றார்கள். இழுபட்டு இழுபட்டு 1914 இல் சோஃபியாவுக்குச் சாதகமாக முடிந்தது. “வெண்டுட்டாளா,” என்று பெரியம்மா கேட்ட விதத்தில், அவருக்குக் கண்ணகியும் சோஃபியாவும் ஒரே வரிசையில் நிற்பது தெரிந்தது. சாஷாவும் தன் பக்கம் நின்று தகப்பன் ஆசையை நிறைவேற்றினார், புத்தகக் காசில் யாஸ்னயா பொல்யானாக் காணியை வாங்கி 1913 இல் குடியானவர்களுக்குக் கொடுத்தார். அதையும் பெரியம்மாவிடம் சொன்னேன். “அதுவும் நல்ல வேலைதான்,” என்றார்.

பிறகு யுத்தம், புரட்சி, பஞ்சம். சோஃபியா அந்த வீட்டிலேயே இருந்தார். தாயும் மகளும் சமாதானமானார்கள். 1919 நவம்பரில் சோஃபியா இறந்தபோது மூத்த மகள் தான்யாவும் சாஷாவும் அருகில் இருந்தார்கள். கணவருக்குப் பக்கத்தில் அவரைப் புதைக்கவில்லை. அவர் காட்டுக்குள், இவர் கிராமத்துக் கோயிலடியில், குடும்பத்துக் கல்லறைகளோடு.

நான் இப்போது நிற்பது 1913 இல். அந்த ஆண்டு சோஃபியா, 1862 இல் இருந்து 1910 வரை கணவர் தனக்கு எழுதிய கடிதங்களைத் தானே தொகுத்துப் பதிப்பித்தார், வீட்டை விட்டுப் போன பிறகு எழுதியவை வரை. அச்சகத்துக்கு அனுப்ப ஒவ்வொன்றையும் மறுபடி எடுத்து, அந்த விளங்காத கையெழுத்தை மறுபடி வாசித்திருக்க வேண்டும். மங்கலான கண், குளிர் அறை, பக்கத்தில் இல்லாத மனிதர். எந்தக் கடிதத்தில் இருந்து தொடங்கியிருப்பார் என்பதில்தான் அந்த அத்தியாயம் தடைப்பட்டு நிற்கிறது. முதல் வருடத்துக் கடிதத்தில் இருந்து என்று ஒரு தடவை எழுதிப் பார்த்தேன், சரி வரவில்லை. இப்போது கடைசிக் கடிதத்தை முதலில் எடுக்கிறார் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் பகிர்கிறேன்.